ஆள் எங்கே? – ஒரு என்ஜினீயரிங் மாணவனின் வழக்கு சொல்லும் பாடம்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று பேரவை நண்பர்கள் கேட்டபோது, ட்ரான்ஸ்பார்மர் பற்றியோ சோலார் பம்ப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் படிப்பது மின்னியல். ஆனால் ஒரு வருஷமாக என் மனசைக் கிடந்து அரிக்கிற விஷயம் வேறு. அதை எழுதிவிடுகிறேன்.

என் மாமன், அதாவது அம்மாவின் தம்பி, மோட்டார் காயில் கட்டுகிறவர். எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்று மோட்டார் ஒன்று திருட்டுப் போனது. அதன் ஒயரை யாரோ இவர் கடையில் கொண்டுவந்து விற்றதாகப் பேச்சு. ஒருநாள் சாயந்திரம் மஃப்டியில் ரெண்டு பேர் வந்து, 'சும்மா விசாரிக்கத்தான்' என்று மாமனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ராத்திரி பத்து மணிவரை வரவில்லை. அமுச்சியும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

'ஏனுங்க சாமி, எம் பையனைக் கூட்டிட்டு வந்தீங்களாமா?' என்று அமுச்சி கேட்டார்.

'அப்படி யாரும் இங்க வரலை, போம்மா' என்று பதில் வந்தது.

பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கேயும் இல்லை. மறுநாளும் இல்லை. என் அப்பா தறி ஓட்டுகிறவர். 'நீ படிக்கிற புள்ளை, ஒண்ணும் வாயைத் திறக்காதே' என்று என்னை அதட்டினார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு ஓம் விதி தெரியும், கிர்ச்சாஃப் விதி தெரியும். ஒரு ஆள் காணாமல் போனால் யாரிடம், எந்தச் சட்டப்படி கேட்பது என்று தெரியாது.

மூன்றாம் நாள் மாமன் வந்துவிட்டார். முழங்கால் வீங்கியிருந்தது. வழக்கு ஒன்றும் இல்லை, கையெழுத்து ஒன்றும் இல்லை. ஆளே வரவில்லை என்று சொன்ன இடத்தில்தான் ரெண்டு ராத்திரியும் இருந்திருக்கிறார்! எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப் போவதில்லை. மாமனுக்கே அது வேண்டாம்.

அதற்குப் பிறகு மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ராஜன் என்ற மாணவனின் கதை கிடைத்தது. அவனும் என்ஜினீயரிங் மாணவன். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில் படித்தவன். அவன் வழக்கு கடைசியில் விசாரிக்கப்பட்டது எங்கே தெரியுமா? நாம் பஸ்ஸில் தினமும் கடந்து போகிற நம்ம கோயமுத்தூர் கோர்ட்டில்!

நெருக்கடி நிலை என்றால் என்ன?

ராஜனின் கதை புரிய வேண்டுமானால் முதலில் 1975-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் ஜூன் 12-ல் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். எதிர்க்கட்சிகள் அவர் பதவி விலக வேண்டும் என்று கேட்டன. ஜூன் 25 இரவு, அரசியல் சட்டத்தின் 352-வது பிரிவின்படி 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டார். விடிவதற்குள் ஜெயப்பிரகாஷ் நாராயணன், மொரார்ஜி தேசாய் போன்ற தலைவர்கள் கைதானார்கள்.

பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. 1971-லேயே போடப்பட்டிருந்த 'மிசா' என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இப்போது கூர் தீட்டப்பட்டது. மிசாவில் ஒருவரைப் பிடித்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் ஷா கமிஷன் எடுத்த கணக்குப்படி மிசாவிலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் சேர்த்து சுமார் 1,10,000 பேர் சிறை வைக்கப்பட்டார்கள்.

ஜூன் 27-ல் இன்னொரு உத்தரவு வந்தது. 14, 21, 22 ஆகிய பிரிவுகளில் உள்ள உரிமைகளுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றது அது. 21 என்பது உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை. 22 என்பது கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீல் வைக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிற உரிமை.

நம்ம பாஷையில் சொல்கிறேன். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று சிலர் அதை எடுத்துவிட்டுக் கனத்த கம்பியைச் சுற்றி வைப்பார்கள். மோட்டார் நிற்காமல் ஓடும். 'பாத்தியா, நல்லாத்தானே ஓடுது' என்பார்கள். அந்தக் காலத்தில் ரயில்கள் நேரத்துக்கு ஓடின என்று இன்றும் சிலர் சொல்வது அப்படித்தான். காயில் உள்ளே கருகிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது.

தமிழ்நாட்டில் நடந்தது

முதல் ஏழு மாதம் தமிழ்நாட்டில் வெப்பம் குறைவாகவே இருந்தது. இங்கே மு. கருணாநிதி தலைமையில் தி.மு.க. ஆட்சி. நெருக்கடி நிலையை எதிர்த்து அந்தக் கட்சி உடனே தீர்மானம் போட்டது. 1976 ஜனவரி 31-ல் அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. உடனே கைதுகள் தொடங்கின. பிப்ரவரி தொடக்கத்தில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் கடுமையாக அடிக்கப்பட்டார்கள். 2021-ல் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின் அப்போது அங்கே அடிபட்ட இளைஞர்களில் ஒருவர். சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபுவும் அங்கே கடுமையாகத் தாக்கப்பட்டார். 1977 ஜனவரியில் அவர் இறந்தார். சிறையில் நடந்ததைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்துப் பதிவு செய்தது.

இதில் எனக்கு மறக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. யார் யார் கைதானார்கள் என்று பத்திரிகையில் போட முடியாது, தணிக்கை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று 'முரசொலி'யில், அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்ட வாரியாக ஒரு பட்டியல் வந்தது. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கைதானவர்கள் பட்டியல்! தன் மகன் எங்கே, தன் வீட்டுக்காரர் எங்கே என்று தெரியாமல் இருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஒரு பக்கம்தான் பதில்.

ஒரு பெயர் காகிதத்தில் ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது வரும்.

ஹாஸ்டலில் இருந்து போனவன்

அதே பிப்ரவரி 28-ல் கேரளத்தில் காயண்ணா என்ற ஊரின் போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். போலீஸ் ஆட்களைத் தேட ஆரம்பித்தது. கோழிக்கோட்டை அடுத்த சாத்தமங்கலத்தில் இருந்த ரீஜனல் என்ஜினீயரிங் கல்லூரியில், இன்று அது என்.ஐ.டி., ராஜன் கடைசி வருஷ மாணவன். நன்றாகப் பாடுவான். பரூக் கல்லூரியில் நடந்த கலைவிழாவுக்குப் போய்விட்டு இரவு கழிந்துதான் நண்பர்களோடு ஹாஸ்டலுக்குத் திரும்பியிருந்தான். மார்ச் 1 அதிகாலை போலீஸ் வந்து அவனையும் இன்னொரு மாணவனையும் பிடித்துக்கொண்டு போனது.

கொண்டுபோன இடம் கக்கயம். மின்னியல் நண்பர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கலாம். குற்றியாடி நீர்மின் திட்டத்தின் அணை இருக்கிற மலைப் பகுதி. அங்கேதான் கிரைம் பிராஞ்ச் போலீஸ் ஒரு முகாம் போட்டிருந்தது. ஸ்டேஷன் இல்லை, ஜெயில் இல்லை, முகாம். அங்கே என்ன நடந்தது என்பதை உயிரோடு திரும்பி வந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். பெஞ்சில் படுக்க வைத்துக் கட்டி, தொடைமேல் கனத்த உலக்கையை வைத்து அழுத்தி உருட்டுவார்களாம். மலையாளத்தில் அதன் பெயரே 'உருட்டல்'. மார்ச் 2-ம் தேதி ராஜன் இறந்துபோனான். பிடித்து ரெண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை.

அவன் உடல் எங்கே? இன்றுவரை கிடைக்கவில்லை.

அப்பா தேடிய ஓராண்டு

ராஜனின் அப்பா டி.வி. ஈச்சர வாரியர், கோழிக்கோடு அரசுக் கல்லூரியில் இந்திப் பேராசிரியர். மகனைப் போலீஸ் கொண்டுபோன விஷயத்தைக் கல்லூரி முதல்வர் பகாவுதீன் அவருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கடிதம் எழுதவே தைரியம் வேண்டும். நண்பர்களே, அந்தக் கடிதத்தையும் மனசில் வையுங்கள்.

வாரியர் ஹாஸ்டலுக்கு ஓடினார். கக்கயத்துக்குப் போனார், உள்ளே விடவில்லை. உள்துறை அமைச்சராக இருந்த கே. கருணாகரனைப் போய்ப் பார்த்தார். முதலமைச்சர் அச்சுத மேனனைப் பார்த்தார். உள்துறைச் செயலாளருக்கும் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் மனு மேல் மனு அனுப்பினார். பதில் இல்லை. வீட்டில் ராஜனின் அம்மாவுக்கு உண்மையைச் சொல்ல முடியவில்லை. மகன் வருவான், வருவான் என்று காத்திருந்தே அவர் மனம் கலங்கிப் போனார். 2000-ல் இறக்கும்வரை மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

படித்தவர், பேராசிரியர், அமைச்சரையே நேரில் பார்க்க முடிந்தவர். அவருக்கே இந்தக் கதி என்றால், ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்ற என் அமுச்சிக்கு?

கோர்ட்டுக்கு ஏன் போகவில்லை?

இப்படி நீங்கள் கேட்கலாம். இதற்கென்றே 'ஹேபியஸ் கார்பஸ்' இருக்கிறதே! தமிழில் ஆட்கொணர்வு மனு. லத்தீனில் 'உடலைக் கொண்டு வா' என்று பொருள். ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்தால், ஆளைக் கோர்ட்டில் நிறுத்து, எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறாய் என்று சொல் என்று அரசாங்கத்தையே கேட்கிற மனு. யார் வேண்டுமானாலும் போடலாம். அப்பா, நண்பன், பக்கத்து வீட்டுக்காரர் யாரானாலும் சரி.

நெருக்கடி நிலையில் இந்த மனுவைப் போட முடியுமா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஒன்பது உயர்நீதிமன்றங்கள் போடலாம் என்று சொல்லியிருந்தன. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அரசுத் தரப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடக் கோர்ட்டில் பரிகாரம் கிடையாதா என்றார். நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்பதுதான் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே சொன்ன பதில். இது ஏதோ கற்பனைக் கேள்வி என்று அன்று நினைத்திருப்பார்கள். அதே காலத்தில்தான் கக்கயத்தில் ராஜன் இறந்தான்.

1976 ஏப்ரல் 28-ல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசாங்கத்தின் பக்கம். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அதற்கு விலையும் கொடுத்தார். 1977 ஜனவரியில் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி, அவருக்கு இளையவரான எம்.எச். பெக்குக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்துவிட்டார்.

ஆக, ஈச்சர வாரியர் தட்டிய கதவுகளில் கடைசிக் கதவும் பூட்டியிருந்தது. சாவி அரசாங்கத்தின் பையில்!

கதவு திறந்தது

1977 மார்ச் தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். மார்ச் 21-ல் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. நான்கே நாள் கழித்து மார்ச் 25-ல் ஈச்சர வாரியர் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அதே நாள்தான் கருணாகரன் கேரள முதலமைச்சராகப் பதவியேற்றார்.

அரசாங்கம் சொன்ன பதில் நமக்குப் பழகிய பதில்தான். அப்படி யாரையும் பிடிக்கவில்லை.

ஆனால் இந்தத் தடவை கேட்பது நீதிமன்றம். நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றி, காலித் இருவரும் சாட்சிகளை விசாரித்தார்கள். கல்லூரி முதல்வர் வந்து சொன்னார். ஹாஸ்டலில் பார்த்தவர்கள் சொன்னார்கள். கக்கயம் முகாமில் ராஜனோடு அடைபட்டிருந்தவர்கள், அவனை அங்கே பார்த்ததைச் சொன்னார்கள். ஏப்ரல் 13-ல் தீர்ப்பு வந்தது. ராஜனைப் போலீஸ் பிடித்தது உண்மை, ஏப்ரல் 21-க்குள் அவனைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று உத்தரவு.

அரசாங்கத்தால் நிறுத்த முடியவில்லை. எப்படி நிறுத்தும்? உயர்நீதிமன்றத்தில் உண்மைக்கு மாறாகப் பிரமாணம் கொடுத்தார் என்று எழுந்த புயலில் ஏப்ரல் 25-ல் கருணாகரன் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். பதவியேற்றுச் சரியாக ஒரு மாதம். அதன் பிறகுதான் ராஜன் போலீஸ் காவலில் இறந்துவிட்டான் என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது.

டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கல் உள்ளிட்ட போலீஸ் அதிகாரிகள்மீது வழக்கு நடந்தது. கேரளத்தில் நடந்தால் நியாயமான விசாரணை இருக்காது என்று அவர்கள் தரப்பில் சொல்லப்பட்டதால் வழக்கு நம்ம கோயமுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்தது. வயசான அந்தப் பேராசிரியர் இங்கே வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். உடல் இல்லை, கொலை நிரூபணம் ஆகவில்லை. சில அதிகாரிகளுக்கு ஓராண்டு தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை.

'அப்புறம் என்ன பிரயோஜனம்?' என்று என் நண்பன் கேட்டான். நானும் அதையே யோசித்தேன். மகன் கிடைக்கவில்லை, உடல் கிடைக்கவில்லை, தண்டனையும் நிலைக்கவில்லை. ஆனால் 'அப்படி ஒருவன் வரவே இல்லை' என்ற பொய் மட்டும் நிற்கவில்லை. ராஜன் பிடிக்கப்பட்டான் என்பது தீர்ப்பில் ஏறிவிட்டது, யாராலும் அழிக்க முடியாது. வாரியர் பின்னாளில் மலையாளத்தில் எழுதிய நினைவுக் குறிப்பு நூலுக்குக் கேரள சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 2006-ல் அவர் காலமானார். ராஜன் படித்த கல்லூரியில் மாணவர்கள் நடத்துகிற 'ராகம்' என்ற கலைவிழா அவன் நினைவாகத்தான்.

உலகம் முழுக்க ஒரே முறை

இதே போன்ற ஒரு மாணவனின் கதை மத்திய அமெரிக்காவில் உண்டு. ஹோண்டுராஸ் நம்ம தமிழ்நாட்டைவிடச் சிறிய நாடு. அதன் தலைநகர் தெகுசிகல்பாவில் 1981 செப்டம்பர் 12-ல், மான்ஃப்ரெடோ வெலாஸ்கெஸ் என்ற பல்கலைக்கழக மாணவரை மஃப்டியில் வந்த ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். 'எங்களிடம் இல்லை' என்று அரசாங்கம் சொன்னது. அவரும் திரும்பி வரவே இல்லை. அந்தக் காலத்தில் அந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போனார்கள். பக்கத்து நாடான குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று உண்மை கண்டறியும் கமிஷன் மதிப்பிட்டது.

வெலாஸ்கெஸ் வழக்கு, அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1988 ஜூலை 29-ல் ஹோண்டுராஸ் அரசுதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. உடலையும் சாட்சியத்தையும் அழித்துவிட்டு, 'சாட்சியம் இல்லையே' என்று ஓர் அரசாங்கம் தப்பிக்க முடியாது, ஒருவரின் கதி தெரியும்வரை தேடிக் கண்டுபிடிக்கிற கடமை அதற்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முறை ஒன்றே.

முதல் படி: காகிதம் இல்லாமல் பிடிப்பது. மஃப்டி, முகாம், 'சும்மா விசாரணை'.

இரண்டாம் படி: மறுப்பது. 'இங்கே வரவே இல்லை.'

மூன்றாம் படி: குடும்பம் களைத்துப் போகும்வரை காத்திருப்பது.

நம்ம ஊர் ஜெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் வ.உ.சிதம்பரனாரைக் கோயமுத்தூர் சிறையில் செக்கு இழுக்க வைத்தான். கொடுமைதான். ஆனால் அவர்மீது வழக்கு இருந்தது, 1908-ல் எழுதிய தீர்ப்பு இருந்தது, எந்தச் சிறையில் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். அதனால் அப்பீல் போட முடிந்தது, தண்டனை குறைந்தது, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கக்கயத்தில் அந்தக் காகிதம்கூட இல்லை. அடியைவிட ஆபத்தானது அந்த 'இல்லை' என்கிற சொல். ஆளே இல்லை என்றான பிறகு, எவ்வளவு அடித்தாலும் கணக்கு இல்லை!

என்ன மாறியிருக்கிறது?

ஃப்யூஸை மறுபடி மாட்டினார்கள் என்று சொல்லலாம். 1978-ன் 44-வது திருத்தத்தின்படி, வெறும் 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது. ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். எந்த நெருக்கடியிலும் 20, 21 ஆகிய பிரிவுகளைக் கோர்ட்டுக்கு வெளியே தள்ள முடியாது. மிசா ரத்தானது. 1976 தீர்ப்புத் தவறு என்று 2017 ஆகஸ்ட் 24-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நாற்பத்தொரு வருஷம் கழித்துக் கன்னா ஜெயித்தார்.

1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் கைதுக்கான விதிகளை வகுத்தது. 2020-ல் எல்லா ஸ்டேஷனிலும் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்திலும் அந்தக் கைது விதிகள் உண்டு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 1980-ன் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், 1982-ன் நம்ம மாநிலக் குண்டர் சட்டமும் விசாரணை இல்லாமல் ஒரு வருஷம்வரை உள்ளே வைக்க வழி செய்கின்றன. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்ததை நாம் எல்லாரும் டி.வி.யில் பார்த்தோம். போலீஸ்காரர்கள்மீது சி.பி.ஐ. கொலைக் குற்றப்பத்திரிகை போட்டது. அங்கேயும் உள்ளே நடந்ததைத் தைரியமாகச் சாட்சி சொன்னவர் அதே ஸ்டேஷனின் ஒரு பெண் காவலர் என்பதை மறக்கக் கூடாது.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாமனுக்காக நோட்டில் எழுதி வைத்ததை இங்கே தருகிறேன். நீங்களும் எழுதி வையுங்கள்.

1. கைது செய்பவர் தன் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும்.

2. ஏன் கைது என்று சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ, எங்கே வைத்திருக்கிறோம் என்பதைத் தெரிவிக்க வேண்டும்.

3. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கழிவு. மாஜிஸ்திரேட் கேட்கும்போது, அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும்.

4. மருத்துவப் பரிசோதனை கட்டாயம். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கிற உரிமை உண்டு.

5. சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும், 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

6. 'இங்கே இல்லை' என்று சொன்னால், அந்த நேரத்திலேயே காகிதம் உண்டாக்குங்கள். முன்பெல்லாம் வக்கீல்கள் 'உடனே ஒரு தந்தி அடி' என்பார்கள். ஆளைக் கொண்டுபோன நாளும் நேரமும் தந்தி ஆபீஸ் முத்திரையோடு பதிவாகிவிடும் என்பதுதான் காரணம். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோனது. இப்போது எஸ்.பி. அல்லது கமிஷனருக்கும், கலெக்டருக்கும், மனித உரிமை ஆணையத்துக்கும் விரைவுத் தபால், ஈமெயில். எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள்.

7. வக்கீல் வைக்க வசதி இல்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். போன் நம்பர் 15100. ஆட்கொணர்வு மனு சென்னை உயர்நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ போட வேண்டும். கோவை மாவட்டத்துக்குச் சென்னை.

முடிவாக…

நண்பர்களே, போலீஸ் எல்லாருமே கெட்டவர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நம் கூடப் படிக்கிறவர்களிலேயே நாளைக்கு எஸ்.ஐ. தேர்வு எழுதப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. ஒருநாள் ஒரு கிழவி உங்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார். இருக்கிறான் என்றால் இருக்கிறான் என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுங்கள். அவ்வளவு போதும்.

மற்ற நமக்கு, கல்லூரி முதல்வர் பகாவுதீன் ஒரு பாடம். அவர் துப்பாக்கி எடுக்கவில்லை, மேடையில் பேசவில்லை. நடந்ததை ஒரு கடிதத்தில் எழுதினார், பிறகு கோர்ட்டில் வந்து சொன்னார். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல நாலு பேர் இருந்ததால்தான் ஒரு முதலமைச்சர் பதவி விலக வேண்டி வந்தது.

இதை எழுதி முடித்து மாமனுக்குப் படித்துக் காட்டினேன். காயில் சுற்றிக்கொண்டே கேட்டார். 'எம் பேரைப் போட்டுடாத கண்ணு' என்றார். போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'அந்த நம்பர் என்னன்னு சொன்னே?' என்று கேட்டு, கடைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டார். அமுச்சி வாசலில் உட்கார்ந்திருந்தார். 'அந்தப் பையனோட அம்மா கடைசிவரைக்கும் கேட்டுட்டேவா இருந்தா?' என்று மட்டும் கேட்டார்.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கிற நம்மில் எத்தனையோ பேர் வீட்டில், பேப்பர் படித்துச் சொல்லவும் மனு எழுதிக் கொடுக்கவும் நாம்தான் இருக்கிறோம். டிப்ளமோ கையில் வருவதற்கு முன்பே அந்த வேலை நமக்கு வந்துவிட்டது. தெரிந்துகொள்வோம்! நாலு பேருக்குச் சொல்வோம்!

– இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை